மாற்று முடிவு எழுதும் முறை

கதைக்கு வேறு முடிவு எழுத விரும்புவோர், கடைசிப் பக்கத்தைத் திருத்தத் தொடங்காமல், நிகழ்ச்சிகள் வேறு பக்கம் திரும்பியிருக்கக்கூடிய இடத்தை முதலில் கண்டறிய வேண்டும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததை எடுத்துக்கொள்வோம்: விடியுமுன் கோட்டையின் பெரும்பகுதி அவர்கள் கைக்கு வந்தும், ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்ததால் அன்றே அது பறிபோயிற்று. சிப்பாய்களுக்கு வெற்றியை வாரி வழங்கிவிட்டால் அது வெறும் ஆசைக்கனவு (சினிமாவில் வேண்டுமானால் கைத்தட்டல் கிடைக்கும்). ஆற்காட்டுக்குச் செய்தி கொண்டுபோகும் அதிகாரியின் குதிரை வழியில் நொண்டியது என்று மட்டும் மாற்றி, அதன்பின் ஒவ்வொரு பாத்திரமும் தன் இயல்புப்படி என்ன செய்யும் என்று எழுதிப் பாருங்கள். கோட்டைக்குள் கொள்ளையில் இறங்கிய சிப்பாய் அப்போதும் கொள்ளையில்தான் இறங்குவான். கிடைத்த சில மணி நேரத்தில் மற்றவர்கள் கோட்டைக் கதவைச் சாத்துவார்களா என்பதே வாசகரை இழுத்துச் செல்லும்.