சம்ப் (தரையடித் தொட்டி) தண்ணீர் தெருக் குழாய்க்குத் திரும்பாமல் இருக்க

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீடு கட்டினால் இரண்டு லைன் வந்துவிடும். தெரு லைனில் வரும் நல்ல தண்ணி ஒன்று, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணி ஒன்று. இரண்டையும் ஒரே டீயில் (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பில்) சேர்த்து மாடி டேங்குக்கு ஏற்றிவிட்டால் குழாய்ச் செலவு மிச்சம்தான். ஆனால் உங்கள் வீட்டுத் தண்ணீர் தெரு லைனுக்குள் போகவும் அந்த டீயே வழி.

தண்ணீர் பின்னோக்கிப் போவது இரண்டு வகை. ஒன்று தள்ளல். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் டேங்க் இருந்தால் கீழே சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் நிற்கும். போர் மோட்டார் ஓடும்போது அதற்கும் மேல். கடைக்கோடி வீதிக் குழாயில் பல நேரம் அவ்வளவு இருக்காது. இன்னொன்று உறிஞ்சல். தண்ணீர் விடும் முறை முடிந்து வால்வை அடைத்ததும் மெயினில் (தெருவின் பெரிய குழாயில்) மிச்சமுள்ள தண்ணீர் பள்ளத்து வீடுகளுக்கு இறங்கும். மேட்டு வீதிக் குழாயில் வெற்றிடம் உண்டாகும். அப்போது துணி ஊறும் வாளிக்குள் ஹோஸ் முனை கிடந்தால், சோப்புத் தண்ணீர் மெயினுக்குள் போய்விடும். அடுத்த முறை முதல் குடம் பிடிக்கிற வீட்டுக்கு அது வந்து சேரும்.

லைனில் நேராக மோட்டார் வைத்து இழுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. சாக்கடை ஓரமாகப் போகும் குழாயில் ஒரு ஜாயின்ட் கசிந்தால், அழுத்தம் உள்ளபோது நல்ல தண்ணீர் வெளியே போகும். மோட்டார் இழுக்கும்போது சாக்கடை உள்ளே வரும். இணைப்பைத் துண்டிப்பார்கள் என்ற பயம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத வேலை இது.

நம் வீதிகளில் இன்னொரு வழக்கம், அழுத்தம் போதவில்லை என்று குழி தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழே குழாயை வைப்பது. மழை பெய்தால் குழி நிறையும், குழாய் முங்கும். குழாய்த் திருகைத் திறந்தே விட்டிருந்தால் குழித் தண்ணீர் அப்படியே லைனுக்குள் இறங்கும். குழி வேண்டாம். தவிர்க்கவே முடியாவிட்டால் சுற்றிலும் கட்டி, மூடி போட்டு, தண்ணீர் வடிய வழி செய்து, முறை முடிந்ததும் திருகை அடைக்க வேண்டும். மீட்டர் குழிக்கும் இதேதான்: அங்குள்ள யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) தளர்ந்து தண்ணீருக்குள் கிடந்தால் அதுவும் ஒரு திறந்த வாய்.

உறுதியான காவல் காற்று இடைவெளி. வால்வெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். வரும் குழாயின் வாய்க்கும் தொட்டியில் தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கும் நடுவே குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும். எப்படியும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அரை இஞ்ச் (15 மி.மீ.) குழாய்க்கு 30 மி.மீ., முக்கால் இஞ்சுக்கு (20 மி.மீ.) 40, ஒரு இஞ்சுக்கு (25 மி.மீ.) 50. குழாய் வாய் சுவரை ஒட்டியிருந்தால் மூன்று மடங்கு. உச்ச மட்டம் என்பது மிதவை வால்வு அடைக்கும் மட்டம் ஆகாது. மிதவை உடைந்து, ஓவர்ஃப்ளோ முழு வேகத்தில் வழியும்போது தண்ணீர் எங்கே நிற்குமோ, அங்கிருந்து அளக்க வேண்டும். அதனால் ஓவர்ஃப்ளோ குழாய் வரும் குழாயைவிட ஒரு சைஸாவது பெரிதாக இருக்கட்டும். முனையில் கொசுவலை கட்டுங்கள். அதைச் சாக்கடைக்குள் செருகக் கூடாது; வெளியே கண்ணுக்குத் தெரியும்படி விழ வேண்டும்.

சம்ப்பில் தண்ணீர் விழும் சத்தம் பிடிக்காமல் குழாயை அடிவரை நீட்டச் சொல்வோர் உண்டு. பிளம்பரும் ஒரு துண்டை ஒட்டிக் கொடுத்துவிடுவார். முங்கிய அந்தத் துண்டு சம்ப்பையே தெரு லைனோடு சேர்த்துவிடுகிறது. மேலே துளை போட்டால் போதும் என்பார்கள். துளையில் பாசி அடைத்தால் யாருக்கும் தெரியாது. துண்டை அறுத்துவிடுவதே சரி. சம்ப் மூடியின் விளிம்பு தரையிலிருந்து 15 செ.மீ. உயர்ந்திருந்தால் வாசல் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.

அடுத்து அந்த டீ. நடுவில் கேட் வால்வு இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். வால்வு உட்கார்ந்து அடைக்கும் இடத்தில் மணல் ஒட்டினால் முழுதாக அடையாது. யாராவது அவசரத்துக்குத் திறந்துவிட்டு மறப்பதும் உண்டு. இரு லைனையும் தனித்தனியாக டேங்குக்கு மேலே கொண்டுபோய், திறந்த வாயாக விழ விடுங்கள். ஒரே குழாயைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், கழற்றி மாட்டும் ஒரு துண்டுக் குழாய் வையுங்கள்: இரு முனையிலும் யூனியன், நல்ல தண்ணிக்கு மாட்டினால் போருக்கு எட்டாத நீளம். ஒரே நேரத்தில் இரண்டும் சேர வழியே இருக்காது.

தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் என்.ஆர்.வி. எனும் செக் வால்வும் போடலாம், கூடுதல் காவலாக. வரிசை இப்படி: மீட்டர், ஸ்டாப் வால்வு, சல்லடை, செக் வால்வு. ஸ்டாப் வால்வுக்கும் செக் வால்வுக்கும் நடுவே ஒரு சிறு சோதனைத் திருகு. அம்புக்குறி தண்ணீர் போகும் பக்கம் பார்க்க வேண்டும். மடல் வகையைக் கிடையாகப் பொருத்துங்கள். நெட்டுக்குழாயில் என்றால் தண்ணீர் மேலேறும் குழாயில் மட்டும். ஸ்பிரிங் வகை திறக்கவே கொஞ்சம் அழுத்தம் கேட்கும். கடைக்கோடி வீட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அங்கே மடல் வகைதான் நல்லது. ஆறு மாதத்துக்கொரு முறை, செக் வால்வுக்கு அந்தப் பக்கம் அழுத்தம் இருக்கும்போது ஸ்டாப் வால்வை அடைத்துச் சோதனைத் திருகைத் திறங்கள். தேங்கியது வடிந்ததும் நின்றால் சரி. ஒழுகிக்கொண்டே இருந்தால் முதலில் ஸ்டாப் வால்வு முழுதாக அடைகிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் செக் வால்வு மடலில் துரு அல்லது மணல் சிக்கியிருக்கும், பிரித்துக் கழுவுங்கள்.

தோட்டத்து வீடுகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மாட்டுக் கட்டுத்தறித் தொட்டிக்குள் ஹோஸை முங்க விடாதீர்கள். தொட்டி விளிம்புக்கு மேலே குழாயைக் கட்டி நிறுத்துங்கள். ஸ்பிரேயரில் மருந்து கலக்க, குடத்தில் மொண்டு ஊற்றுவதே பத்திரம். சொட்டுநீர்ப் பாசனத்தில் வென்சுரி (உரக் கரைசலை உறிஞ்சிக் கலக்கும் கருவி) வழியாக உரம் விடும் லைனைக் குடிநீர் இணைப்போடு எந்த வால்வு வைத்தும் சேர்க்கக் கூடாது. சாயப்பட்டறை, சலவை, மருத்துவமனைக்கும் வெறும் செக் வால்வு போதாது: தனி இடைத்தொட்டியில் காற்று இடைவெளியோடு தண்ணீர் விழுந்து, அங்கிருந்து மோட்டாரில் ஏற வேண்டும். இடமில்லாத கட்டடங்களுக்கு ஆர்.பி.இசட் எனும், தண்ணீர் பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் வால்வு உண்டு. இரண்டு செக் வால்வுக்கு நடுவே உள்ள வடிகால் வாய், ஏதாவது ஒன்று கெட்டால் தண்ணீரை வெளியே கொட்டிவிடும். குழிக்குள் வைத்தால் அந்த வாயே முங்கிப்போகும். ஆண்டுக்கொரு முறை கருவி வைத்துச் சோதிக்க வேண்டும்.

1933-இல் சிகாகோவில் இரண்டு விடுதிகளின் குழாய்களில் கழிவுநீர் கலந்து அமீபா சீதபேதி பரவியதில் 98 பேர் இறந்தார்கள். பழைய கட்டடத்தில் ஒட்டுப்போட்டுக்கொண்டே போன குழாய் வேலைதான் காரணம்.

கலப்பு இருக்கிறதா என்று பார்க்க தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் போதும். கோவைக்கு வரும் சிறுவாணி, பில்லூர்த் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் அது லிட்டருக்கு ஆயிரம் மி.கி.யைத் தாண்டுவது சாதாரணம். முறை தொடங்கியதும் முதல் வாளியையும், பத்து நிமிடம் கழித்து ஒரு டம்ளரையும் அளந்து எழுதுங்கள். முதலாவது மட்டும் மிக உயர்ந்திருந்தால் எங்கோ போர் தண்ணீர் லைனுக்குள் நுழைகிறது. அண்டை வீட்டிலும் அளந்தால் எந்தப் பக்கம் என்று பிடிபடும். அழுக்குத் தண்ணீரில் இது பெரிதாகக் காட்டாது. அதற்குக் குளோரின் சோதனை. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்க வேண்டும். அது திடீரெனக் காணாமல் போனால் உள்ளாட்சிக் குடிநீர்ப் பிரிவுக்குச் சொல்லுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், சாயமும் பூச்சிமருந்தும் போகாது.

சம்ப்பில் அழுக்குத் தண்ணீர் கலந்துவிட்டால் வடித்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 1000 லிட்டருக்குச் சுமார் 170 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் எடுத்துக்கொள்ளுங்கள். வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்து வடித்துவிட்டு இன்னொரு முறை நிரப்பிக் கழுவுங்கள். வடித்த தண்ணீரைச் செடிக்கோ மீன் தொட்டிக்கோ விட வேண்டாம். இத்தனை நேரமும் ஸ்டாப் வால்வு அடைத்தே இருக்கட்டும்.