பியானோ இல்லாமல் நான்கு குரல்: வின்செஸ்டர் ஓல்ட் பாடிப் பழகலாம்

1592-இல் லண்டனில் தாமஸ் ஈஸ்ட் அச்சிட்ட, பைபிளின் சங்கீதங்களைப் பாடுவதற்கான புத்தகத்தில் 84-ஆம் சங்கீதத்துக்கு ஒரு சின்ன மெட்டு இருக்கிறது. நான்கு குரலுக்கும் அமைத்தவர் ஜார்ஜ் கிர்பை. இன்று அதை வின்செஸ்டர் ஓல்ட் என்கிறார்கள். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலத்தில், இரவில் ஆடு காத்த மேய்ப்பர்களைப் பற்றிய பாட்டை இந்த மெட்டில்தான் பாடுகிறார்கள். நான்கே வரி. வரிவரியாக அசைகள் 8, 6, 8, 6. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இது போதும்.

முதலில் ஸ்கோரை, அதாவது நான்கு குரலின் ஸ்வரங்களும் எழுதிய தாளைப் பாருங்கள். மேலிருந்து கீழாக நான்கு குரல்கள்: சொப்ரானோ (பெண்களின் மேல் குரல்), ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க் குரல்), டெனர் (ஆண்களின் மேல் குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க் குரல்). ஈஸ்டின் புத்தகத்தில் மெட்டு சொப்ரானோவிடம் இல்லை, டெனரிடம் இருக்கிறது. அந்தக் கால வழக்கம் அதுதான். பிற்காலப் பதிப்புகளில் மெட்டை மேலே ஏற்றிவிட்டார்கள். ஆகவே கையில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் தடவை பழைய பதிப்பை எடுத்துப் பாடினோம். சொப்ரானோ கணீரென்று மேலே போக, கேட்டவர் ஒருவர், “நல்லாத்தான் இருக்கு, ஆனா என்ன பாட்டு இது?” என்றார். தப்பு சொப்ரானோ மேல் இல்லை. யாரிடம் மெட்டு என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அதனால் பழைய பதிப்பு என்றால், முதலில் எல்லோரும் டெனர் வரியையே பாடுங்கள். பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே பாடலாம். சொல் வேண்டாம், “நூ” போதும். மனப்பாடம் ஆனதும் பேஸ் சேரட்டும். இந்த இரண்டு குரலும் ஆடாமல் நின்றால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் ஆல்ட்டோ. கடைசியில் சொப்ரானோ, அதுவும் டெனர் காதில் விழும் அளவுக்கு அடக்கமாக.

இரண்டாம் வரியின் முடிவில் கவனம் தேவை. மெட்டு பஞ்சமத்தில் போய் நிற்கும். அதற்கு முந்தின ஸ்வரம் பிரதி மத்தியமம், அதாவது சுத்த மத்தியமத்தைவிட அரை ஸ்வரம் உயர்ந்த ‘ம’. பலர் பழக்கத்தில் சுத்த மத்தியமத்தைப் பிடித்துவிடுவார்கள். அந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் தனியாகப் பத்துத் தடவை பாடுங்கள்.

மூச்சு வரி முடிவில் மட்டும். ஒவ்வொரு வரியின் முதல் ஸ்வரத்தையும் கொஞ்சம் நீட்டினால் பிந்தி வருபவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

துணைக்கருவி இல்லாததால் ஸ்ருதி இறங்கும். பிட்ச் பைப்பில் (ஸ்ருதி கொடுக்கும் சின்ன ஊதுகருவி) தொடக்க ஸ்வரம் கொடுத்துப் பாடி, முடிந்ததும் மறுபடி ஊதிப் பாருங்கள். இறங்கியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒரே ஸ்வரம் இரண்டு தடவை வரும் இடங்களைத்தான். இரண்டாவது தடவை கொஞ்சம் மேலே வைப்பதாக நினைத்துப் பாடினால் சரியாக நிற்கும்.