கொள்ளு வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்

கொள்ளுப் பருப்பு கடைகிற அன்றைக்கு, வடித்த தண்ணீரை உப்பு, புளி எதுவும் சேர்க்காமல் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் எடுத்து வையுங்கள். மார்கழிப் பனியில் யாராவது மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தால், அதில் புளி கரைத்து, மிளகு, சீரகம், பூண்டைத் தட்டிப்போட்டு, நுரை கட்டியதும் இறக்கினால் ரசம் தயார். கொள்ளு வேகிற நேரமும் கேஸும் மிச்சம்.

சளியை இது விரட்டிவிடாது. ஆனால் சூட்டில் மூக்கடைப்பு கொஞ்சம் இளகும், தொண்டைக் கரகரப்பு தணியும். சோறு இறங்காதவர்கள்கூட ஒரு டம்ளர் குடித்துவிடுவார்கள். முகத்தில் தெளிச்சியும் வரும்.

வடித்த தண்ணீரை இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், கொழகொழத்துவிடும். வயிற்றுப்புண்காரர்களுக்கு இந்த மிளகுக் காரம் ஆகாது. காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.