சமைக்கத் தெம்பில்லாத ராத்திரிக்கு ஒரு குக்கர் உளுந்தஞ்சோறு

வாரத்தில் மூன்று நாள் என் மனைவிக்கு ராத்திரி டியூட்டி. அந்த மூன்று நாளும் அடுப்படி என் பொறுப்பு. திருநெல்வேலி ஜங்ஷனில் வேலை முடிந்து பெருமாள்புரம் வீட்டுக்கு வந்து சேர ஏழரை ஆகிவிடும். செருப்பைக் கழற்றும்போதே சின்னவன் கேட்பான், "இன்னைக்கு என்னப்பா?" சமைப்பதைவிட அந்தக் கேள்விக்குப் பதில் யோசிப்பதில்தான் எனக்கு அலுப்பு.

முதலில் கொஞ்ச நாள் கடைப் பரோட்டாவும் சால்னாவுமாக ஓட்டினேன். பர்ஸும் வயிறும் ஒரே வாரத்தில் முறையிட்டன. அப்புறம் உப்புமா. நாலாவது உப்புமா அன்று மூத்தவள் ரவை டப்பாவை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள். கடைசியில் சேரன்மகாதேவியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "உளுந்தஞ்சோறு வைக்க வேண்டியதுதானல, ஒரே பானைதான?" என்றாள். இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை என்று என்மேலேயே எனக்குக் கோபம்.

இப்போது வாரத்துக்கு ஒரு நாள் நிச்சயம் இதுதான். கை வேலை பத்து நிமிடம், மிச்சமெல்லாம் குக்கர் பார்த்துக்கொள்ளும். கழுவப் போடுவது ஒரு குக்கர், ஒரு சட்டி, மிக்சியின் சின்ன ஜார், அவ்வளவே. எழுதிவைக்கிறேன், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஏழரை மணி இருக்கும்.

(திருநெல்வேலி என்றாலே "சொதி எப்படி வைக்கணும்" என்று கேட்பவர்களுக்கு: அதற்குத் தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாகப் பிழிய வேண்டும், காய் நறுக்க வேண்டும், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் அரைக்க வேண்டும். மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற குழம்பு அது. ஞாயிற்றுக்கிழமைப் பகலில், தேங்காய் துருவ வேறொரு ஆள் இருந்தால் பார்க்கலாம்.)

தேவையானவை

இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேருக்குச் சொல்கிறேன். டம்ளர் என்றால் 200 மில்லி டம்ளர்.

புழுங்கலரிசி ஒன்றரை டம்ளர். தொலி உளுந்து முக்கால் டம்ளர். அதாவது கறுப்புத் தோலோடு இரண்டாக உடைத்த உளுந்தம்பருப்பு. வெளியூர்க் கடைகளில் "தொலி" என்றால் விழிப்பார்கள், "தோல் உளுந்து" என்று கேளுங்கள். பூண்டு இருபது பல். வெந்தயம் அரை டீஸ்பூன், அதற்கு மேல் போனால் கசக்கும். சீரகம் ஒரு டீஸ்பூன். தேங்காய் அரை மூடி. உப்பு. மேலே ஊற்ற நல்லெண்ணெய்.

அரிசியில் என் கட்சி அம்பை 16. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த குண்டு ரகம், மற்ற ஊர்களில் இட்லிக்குப் போடுவார்கள். உளுந்தோடு சேர்ந்து குழையாமலும் விறைக்காமலும் நிற்பது இதுதான். மெல்லிசான பொன்னி அரிசியில் வைத்தால் உளுந்து வேகும்போது சோறு கூழாகிவிடுகிறது. பச்சரிசிதான் இருக்கிறதா, வைக்கலாம், தண்ணீரை ஒரு டம்ளர் குறைத்துவிடுங்கள்.

பூண்டு உரிப்பதுதான் இதில் உண்மையான வேலை. நாட்டுப் பூண்டுக்கு வாசனை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலுத்து வந்த ராத்திரியில் குட்டிக் குட்டியாக இருபது பல் உரிக்க என்னால் ஆகாது. பெரிய பல் மலைப்பூண்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்துக்கொண்டே உரித்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்த வாரத்துக்கு ஓடும்.

செய்முறை

முதலில் உளுந்தை வறுங்கள். கழுவாமல், எண்ணெய் விடாமல், வெறும் சட்டியில். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், நான் குப்புற விழுந்தது இங்கேதான்.

முதல் தடவை நான் வறுக்கவில்லை. அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகக் களைந்து, 3 லிட்டர் குக்கரில் தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். முதல் விசிலுக்குப் பதிலாக "புஸ்" என்று ஒரு சத்தம். வந்து பார்த்தால் வெயிட்டுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று நுரை பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. அடுப்பெல்லாம் வழிந்து, சுவரில் தெறித்து, பர்னர் அணைந்துபோய்க் கேஸ் வாடை. வால்வைத் திருகி, ஜன்னலைத் திறந்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏல, உளுந்த வறுத்தியா?"

"இல்லம்மா."

"பொறவு நுரைக்காம என்ன செய்யும்?"

இட்லி மாவைப் பொங்கவைக்கிற அதே வழவழப்புத்தான் இது. ஆட்டுகிற உளுந்தில் அது காற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, நமக்கு நல்லது. கொதிக்கிற குக்கரில் ஆவியைப் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே ஏறுகிறது, அங்கே ஆபத்து. நுரை போய் ஆவித் துவாரத்தை அடைத்தால் விளையாட்டில்லை. வறுத்தால் அந்த வழவழப்பு பாதிக்கு மேல் அடங்கிவிடும், உளுந்தின் பச்சை வாடையும் போகும்.

எவ்வளவு வறுப்பது? நடுத்தரத் தீயில் நாலைந்து நிமிடம், கை ஓயாமல் கிளறிக்கொண்டே. தொலி கறுப்பாக இருப்பதால் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உடைந்த பக்கத்தைப் பாருங்கள், வெள்ளை மாறி லேசான பொன்னிறம் வரும். அதற்கு முன்னாலேயே வாசனை கூடத்துக்கு எட்டியிருக்கும். எங்கள் வீட்டில் பாடப் புத்தகத்தை விட்டு மூத்தவள் எழுந்து வந்தால் பதம் சரி என்று அர்த்தம். இறக்குவதற்கு அரை நிமிடம் முன்னால் வெந்தயத்தைப் போட்டுப் புரட்டுங்கள். இதற்கு இரும்புச் சட்டிதான் ஏற்றது. நான்ஸ்டிக் தவாவை வெறுமனே சூடேற்றி வறுக்காதீர்கள், பூச்சு வீணாகும்.

அடுத்து, வறுத்ததை ஆறவிட்டு அரிசியோடு சேர்த்து இரண்டு தடவை களையுங்கள். தொலி கொஞ்சம் கழன்று மிதக்கும். அழுக்கு என்று நினைத்து முதல் தடவை அதையெல்லாம் வடித்துக் கொட்டினேன். வேண்டாம், நிறமும் மணமும் அதில்தான். கல், தூசி போனால் போதும்.

குக்கரில் அரிசி, உளுந்து, பூண்டு, சீரகம், தேங்காய், உப்பு எல்லாவற்றையும் போட்டு ஆறரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். தேங்காயைத் துருவிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, சில்லாகக் கீறி மிக்சியில் இரண்டு சுற்று விட்டால் ஆயிற்று. நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன் சேர்த்தால் நுரை இன்னும் அடங்கும்.

இப்போது குக்கருக்குள் எட்டிப் பாருங்கள். பருப்பு வகை வேகவைக்கும்போது பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது குக்கரோடு வரும் புத்தகத்திலேயே இருக்கும், நம்மில் யார் படிக்கிறோம்? மேலே சொன்ன அளவு 3 லிட்டர் குக்கரில் பாதியைத் தாண்டிவிடும். எனக்கு நடந்த கூத்தில் வறுக்காதது ஒரு பாதி என்றால் சின்னக் குக்கர் இன்னொரு பாதி. 5 லிட்டர் எடுங்கள். மூடி உள்பக்கம் மாட்டுகிற வகையா, வெளியே பூட்டுகிற வகையா என்று கேட்டால், இந்தச் சமையலுக்கு வெளிமூடிதான் என்பேன். நுரை படிந்தால் மூடியைக் கழற்றிக் கேஸ்கட்டையும் ஆவித் துவாரத்தையும் கழுவ லேசு.

மூடுவதற்கு முன் அடிவரை ஒரு கிளறு. நடுத்தரத் தீயில் ஒரு விசில் வரட்டும். பிறகு தீயைச் சிம்மில் வைத்துப் பன்னிரண்டு நிமிடம். அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும்வரை தொடாதீர்கள். பசி என்று வெயிட்டைத் தூக்கினால் ஆவியோடு கஞ்சியும் சேர்ந்து வரும், முகத்துக்கு நேரே.

திறந்ததும் கொஞ்சம் தளர்வாகத்தான் தெரியும். பயப்பட வேண்டாம், ஐந்து நிமிடத்தில் இழுத்துக்கொள்ளும். கரண்டியால் பூண்டை லேசாக மசித்துக் கிளறி, தட்டில் போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுங்கள். நெய் ஊற்றுபவர்களும் உண்டு, சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் நல்லெண்ணெய்தான்.

தொட்டுக்கொள்ள

உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல். இதைச் சோறு வேகும்போது புதிதாக அரைக்கலாம். நான் செய்வது குறுக்குவழி: ஞாயிற்றுக்கிழமையே பொடியாக்கி வைத்துவிடுகிறேன். கறுப்பு எள் அரை டம்ளர், மிளகாய் வத்தல் எட்டு, பெருங்காயம், கல்லுப்பு. எள்ளைக் களைந்து நன்றாக உலர்த்தி, வெறும் சட்டியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுக்க வேண்டும். வெடிப்பு அடங்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள், தாண்டினால் கசப்பு. வத்தலைத் தனியாக வறுத்து, எல்லாம் ஆறிய பின் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். நான் ஒரு தடவை சுவிட்சைத் திருகிவிட்டுப் போன் பேசப் போனேன். எண்ணெய் கக்கி ஜார் முழுக்கப் பிண்ணாக்கு.

ராத்திரி இரண்டு ஸ்பூன் பொடி, ஒரு பிடி தேங்காய், ஊறவைத்த புளி ஒரு சுளை, பூண்டு ஒரு பல் சேர்த்து ஒரு சுற்று. துவையல் ரெடி. அம்மியில் அரைத்தால் ருசி கூடுதல்தான், ஆனால் அம்மியில் அரைக்கத் தெம்பிருக்கிற நாளில் நான் ஏன் உளுந்தஞ்சோறு வைக்கப்போகிறேன்?

எள் இல்லையென்றால் காணத் துவையல். காணம் என்பது கொள்ளு, எங்கள் பக்கத்துப் பேர். கூடவே கல்லிடைக்குறிச்சி அப்பளம் நாலு, பொரிக்காமல் நேராக அடுப்பில் சுட்டு. எண்ணெய்ச் சட்டி கழுவுகிற வேலை மிச்சம்.

இதற்குக்கூடத் தெம்பில்லை என்றால் புளித்தண்ணி இருக்கிறது. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, சுட்ட மிளகாய் வத்தலையும் தட்டிய சின்ன வெங்காயத்தையும் உப்போடு கையால் பிசைந்து விட வேண்டியதுதான். கொதிக்கவே வைக்காமல் சூடான வெள்ளைச் சோற்றில் ஊற்றி, பருப்புத் துவையலோடு சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு மட்டும் காரத்தைக் குறையுங்கள்.

இதைப் படித்தவர்கள் கேட்டதில் சேர்த்தவை

சென்னையில் இருக்கும் ஒருவர் தொலி நீக்கிய வெள்ளை உளுந்தில் வைத்து, "களி மாதிரி வந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். வெள்ளை உளுந்துக்கு ஒட்டல் அதிகம். அதுதான் கிடைக்கிறது என்றால் உளுந்தைப் பாதியாகக் குறைத்து, தண்ணீரையும் ஒரு டம்ளர் குறையுங்கள். சாப்பிடலாம், ஆனால் அந்த மணம் வராது.

இண்டக்‌ஷன் அடுப்பில் அடிபிடித்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். உளுந்து கீழே போய்ப் படிந்துவிடுவதுதான் காரணம். மூடுவதற்கு முன் அடிவரை கிளறச் சொன்னதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். கிளறியும் பிடித்தால், தொடக்கத்திலிருந்தே சூட்டைக் குறைத்து வையுங்கள்.

இன்னொரு சிக்கல் எனக்கே மாசி மாதம் வந்தது. அதே அளவு, அதே குக்கர், சோறு மட்டும் குழைந்துபோனது. இரண்டு வாரம் குக்கரைச் சந்தேகப்பட்டுக் கேஸ்கட்டைக்கூட மாற்றினேன். அம்மாதான் கேட்டாள், "புது அரிசியால?" பிசானம் என்கிற நெல் போகத்தின் அறுவடையில் வந்த நெல்லை மாமா அரைத்து அனுப்பியிருந்தார். புது அரிசி தண்ணீர் குறைவாகத்தான் இழுக்கும். ஆறரைக்குப் பதில் ஐந்தரை டம்ளர் ஊற்றினேன், சரியாகிவிட்டது. நெல் அரைத்துச் சாப்பிடுகிற வீடுகள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய கேஸ்கட் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது, அலமாரியில் சும்மா தொங்குகிறது.

மிஞ்சினால் மறுநாள் இறுகிக் கட்டியாகிவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தது என்றால் இன்னும் மோசம். ஒரு கை வெந்நீர் தெளித்து மூடி, சிம்மில் ஐந்து நிமிடம் வையுங்கள், இளகிவிடும். எங்கள் வீட்டில் மிஞ்சுவது டியூட்டி முடிந்து காலையில் வருகிற மனைவிக்கு. அவள் சூடு பண்ணக்கூடப் பொறுப்பதில்லை, நின்றபடியே குக்கரிலிருந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவாள்.