ரயில் நிற்கும்போது நடக்கும் தவறுகள்: சரக்கு ரயில் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சரக்கு ரயில் வேலை என்றால் வண்டி ஓட்டுவது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே வந்தவர்களுக்குத் தெரியும், பணி நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே கரைந்துவிடுகிறது. சிக்னலுக்காக, பயணிகள் ரயிலுக்கு வழிவிடுவதற்காக, சரக்கு ஏற்றி முடிவதற்காக, மாற்றுக் குழு வந்து சேர்வதற்காக என்று காரணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பயணிகள் ரயிலுக்குக் கால அட்டவணை உண்டு. சரக்கு ரயிலுக்கு அது பெரும்பாலும் பெயரளவில்தான். சரக்கு தயாரானால் வண்டி, பாதை கிடைத்தால் புறப்பாடு.

அதனால்தானோ என்னவோ, புதியவர்களின் மோசமான தவறுகள் பெரும்பாலும் ஓடும் வண்டியில் தொடங்குவதில்லை. பணியேற்பதற்கு முன்பு வீட்டிலும், வண்டி நின்ற பிறகு தண்டவாளத்தின் ஓரத்திலும் தொடங்குகின்றன.

அழைப்பு வரும்வரை விழித்திருப்பது

இரவு எட்டு மணி வாக்கில் அழைப்பு வரும் என்று தெரிகிறது. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் பகலில் கடைக்குப் போகிறார், பிள்ளைகளோடு விளையாடுகிறார், தொலைக்காட்சி பார்க்கிறார். எட்டு மணிக்குத் தெம்பாகவே வந்து கையெழுத்துப் போடுகிறார். பதினொரு மணிக்கு அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அப்போதுதான் வண்டி யார்டை விட்டே கிளம்பியிருக்கும்.

அந்த 17 என்ற எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, அத்தனை மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பணியேற்கும் இடத்தில் ஊதச் சொல்லும் கருவி மதுவைக் காட்டிக்கொடுக்கும். தூக்கமின்மையைக் காட்டிக்கொடுக்க அங்கே எந்தக் கருவியும் இல்லை.

ஆகவே, இரவுப் பணி வரக்கூடும் என்றால் பிற்பகலில் ஒன்றரை மணி நேரமாவது படுத்தே ஆக வேண்டும். தூக்கம் வராவிட்டாலும் இருட்டறையில் கண்ணை மூடிக் கிடப்பது நல்லது. பணிக்கு அழைக்கும் வரிசைப் பட்டியலில் நமக்கு முன்னால் எத்தனை குழுக்கள் நிற்கின்றன என்பதைக் காலையிலேயே பார்த்துவைத்தால் அழைப்பு எப்போது வரும் என்று ஓரளவு கணிக்கலாம். ஓரளவுதான். முன்னால் இருப்பவர் ஒருவர் உடல்நலமில்லை என்று விலகினால் கணக்கு முழுவதும் தலைகீழாகும்.

ஓய்வு நேரத்தைத் தூக்க நேரமாகக் கணக்கிடுவது இதன் உடன்பிறப்பு. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் குழுவினருக்குப் பணி முடிந்தபின் இடையூறில்லாத 10 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கியது. ஏட்டில் 10 மணி நேரம்தான். வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, மறுபடி கிளம்பி வருவதும் அந்தப் பத்துக்குள்தான் அடங்க வேண்டும். ஒழுங்காகத் திட்டமிடுபவருக்கே ஆறு மணி நேரத் தூக்கம் மிஞ்சினால் அதிகம். இந்த ஒரு விஷயத்தில் வீட்டாரையும் பங்குதாரர் ஆக்காமல் தொழிலில் நிலைக்க முடியாது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் தூங்குவதைச் சோம்பலாகப் பார்க்கும் வீட்டில் தூக்கம் வராது.

எச்சரிக்கைக் கருவியை ஏமாற்றுவது

ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று சோதிக்க இன்ஜினில் கருவி இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக் தானே விழும். நாளாக நாளாக விரல் மட்டும் பழகிவிடுகிறது. அரைத்தூக்கத்தில்கூட அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பொத்தான் ஒழுங்காக அழுந்துகிறது என்பதற்காக எதிரில் இருப்பவர் விழித்திருக்கிறார் என்று துணை ஓட்டுநர் நம்பிவிடக் கூடாது.

1986 பிப்ரவரி 8 அன்று கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஹின்டன் அருகே ஒரு சரக்கு ரயில் நிறுத்த சிக்னலைத் தாண்டிப் போய்ப் பயணிகள் ரயிலில் மோதியது. 23 பேர் இறந்தார்கள். சரக்கு ரயிலின் ஓட்டுநர் முந்தைய இரவு தூங்கியது சுமார் மூன்றரை மணி நேரம். காலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய பாதுகாப்புப் பெடல்மீது கனமான பொருளை வைத்துவிடும் பழக்கம் அந்தக் காலக் குழுக்களிடம் இருந்ததும் விசாரணையில் வெளிவந்தது.

அந்த விபத்தில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ரயிலின் கடைசிப் பெட்டியில் இருந்தவருக்கு வண்டியின் போக்கு சரியில்லை என்று தோன்றியிருக்கிறது. முன்னால் இருந்தவர்களை ரேடியோவில் அழைத்துப் பார்த்திருக்கிறார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அவசர பிரேக்கைத் தொடவில்லை. மூத்தவர் ஓட்டும் வண்டியை நாம் நிறுத்துவதா என்ற தயக்கம் இன்றும் எல்லா இன்ஜின்களிலும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். வீணாக நிறுத்தியதற்கு விளக்கம் எழுதிக் கொடுப்பது ஒரே பக்கத்தில் முடிந்துவிடும்.

சிக்னலைச் சத்தமாகச் சொல்லும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்லி வேலை செய்வார்கள். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் சோதனையில், எளிய வேலைகளில் நூற்றுக்கு 2.38 ஆக இருந்த பிழைகள் இந்த முறையால் 0.38 ஆகக் குறைந்தன. ஆனால் துணை ஓட்டுநர் "பச்சை" என்றதும் தலையைத் தூக்காமலே "பச்சை" என்று பதில் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது வெறும் எதிரொலி.

கைபேசியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2008-இல் லாஸ் ஏஞ்சலிஸின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பயணிகள் ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிச் சரக்கு ரயிலோடு நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அதன் ஓட்டுநர் கடைசிக் குறுஞ்செய்தியை அனுப்பியது மோதலுக்கு 22 வினாடிகளுக்கு முன்பு.

இறங்கி நடக்கும்போது

நடுவழியில் பிரேக்குக்கான காற்றுக் குழாயில் அழுத்தம் குறைந்து வண்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரவு, மழை. எங்கே கோளாறு என்று பார்க்க ஒருவர் இறங்கி நடக்க வேண்டும். வண்டியின் நீளம் எழுநூறு மீட்டர் இருக்கலாம், சில நாடுகளில் இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் இருக்கும். நாற்பதாவது பெட்டிக்குப் பக்கத்தில், பெட்டிக்குப் பெட்டி பிரேக் காற்றைக் கடத்தும் இரண்டு ஹோஸ்கள் கழன்று தொங்குகின்றன. இடையில் இருக்க வேண்டிய ரப்பர் வாஷரைக் காணவில்லை. மாற்று வாஷர் இன்ஜினில் இருக்கிறது. போக ஒரு நடை, வர ஒரு நடை, அதுவும் சரளைக் கல்மேல். பின்னால் வரிசையாக வண்டிகள் நிற்கும், ரேடியோவில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த அவசரத்தில்தான் கால் பிசகுகிறது. இறங்கும்போதே வாஷர், ஸ்பேனர், இரண்டாவது டார்ச் ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொள்வது அனுபவசாலிகளின் பழக்கம்.

நடக்கும்போது தண்டவாளத்தின்மேல் கால் வைக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். மழையிலும் பனியிலும் அந்த இரும்பு சோப்பைப் போல வழுக்கும். இன்ஜினிலிருந்து இறங்கும்போது படிக்கட்டைப் பார்த்தபடி, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். சுற்றிப் போக நேரமாகும் என்று நிற்கும் பெட்டிகளுக்கு அடியிலோ நடுவிலோ புகுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். இணைப்புகளில் சிறிது தளர்வு எப்போதும் இருக்கும். முன்னால் இன்ஜின் கொஞ்சம் அசைந்தாலும் அந்த அசைவு பெட்டி பெட்டியாகக் கடந்து வந்து நீங்கள் நிற்கும் இடத்தில் ஓர் இடியாக முடியும்.

காற்று பிடித்துக்கொள்ளும் என்று நம்புவது

சரக்கு ரயிலின் பிரேக் நிதானமாகத்தான் பிடிக்கும். பல நாடுகளில் பின்பற்றப்படும் தர அளவின்படி, பெட்டியின் பிரேக் சிலிண்டரில் காற்று முழுமையாக ஏறவே 18 முதல் 30 வினாடிகள் ஆகலாம். விட்ட பிரேக் மீண்டும் தயாராவதற்கும் நேரம் வேண்டும். இறக்கத்தில் பிடித்து, விட்டு, உடனே மறுபடி பிடித்துக்கொண்டே போனால் காற்று தீர்ந்துபோய், கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நிற்காது.

நிறுத்திவிட்டுப் போகும்போது இன்னொரு ஆபத்து. காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் ஓடாத இன்ஜினில், பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கும் காற்று மெல்லக் கசிந்துவிடும். பூட்டி நிறுத்திய வண்டியைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது பெட்டிகளின் கை பிரேக்.

2013 ஜூலை 5 இரவு, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நான்ட் என்ற இடத்தில், 72 டாங்கர்களில் கச்சா எண்ணெயோடு ஒரு ரயில் சரிவில் நிறுத்தப்பட்டது. ஓட்டுநர் ஒருவர்தான். ஏழு கை பிரேக்குகளை இறுக்கினார். அவை தாங்குமா என்று சோதித்தபோது இன்ஜின் பிரேக்கைத் தளர்த்தவில்லை. வண்டி அசையாமல் நின்றது இன்ஜின் பிரேக்கின் உதவியால், சோதனையோ வெற்றி என்று காட்டியது. அவர் போன பிறகு இன்ஜினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் தீயை அணைத்து, இன்ஜினையும் நிறுத்திவிட்டார்கள். கம்ப்ரசர் நின்றது, காற்று கசிந்தது. நள்ளிரவுக்குப் பின் வண்டி தானாக உருண்டு லாக்-மெகாண்டிக் ஊருக்குள் தடம் புரண்டது. 47 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவில் குறைந்தது 17 கை பிரேக்குகள் தேவைப்பட்டிருக்கும் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் கூறியது.

உங்கள் பாதையில் இத்தனை கை பிரேக்குகள் என்று விதி ஓர் எண் தந்திருக்கும். அதை எண்ணி இறுக்கியபின், மற்ற எல்லா பிரேக்குகளையும் தளர்த்திவிட்டு, கை பிரேக் மட்டும் வண்டியைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். எந்தெந்தப் பெட்டிகளில் இறுக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த குழு ஒன்றைத் தளர்த்த மறந்து, சக்கரம் தேய இழுத்துக்கொண்டு போகும்.

பிறகு வீட்டுக்குக் கிளம்புவது. பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து, விடிகாலையில் சொந்த வண்டியை எடுக்கும்போது எந்த எச்சரிக்கைக் கருவியும் துணை ஓட்டுநரும் உடன் இல்லை. கண் எரிந்தால் ஓய்வறையில் இருபது நிமிடம் படுத்துவிட்டு, எழுந்து முகம் கழுவி, தூக்கக் கலக்கம் தெளிய இன்னும் கால் மணி நேரம் விட்டுச் சாவியை எடுங்கள்.