பேடில் ஷிஃப்ட் பழகுவது எப்படி?

ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரு பக்கமும் இரண்டு தகடுகள் இருக்கும். இவைதான் பேடில். பெரும்பாலான கார்களில் வலது பேடிலை இழுத்தால் கியர் ஏறும், இடதை இழுத்தால் இறங்கும். இது தெரிந்தால் போதும் என்று கிளம்புபவர்கள் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தடுமாறுகிறார்கள். பேடில் பொருத்தப்பட்டிருக்கும் விதம் காருக்குக் கார் மாறுவதுதான் காரணம். அதனால் நிற்கும் காரிலேயே தொடங்குவோம்.

படி 1: உட்காரும் நிலை

தோள்கள் இருக்கையை விட்டு விலகாமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் பட வேண்டும். அப்புறம், கடிகாரத்தில் 9-ம் 3-ம் இருக்கும் இடங்களில் பிடியுங்கள். பிடியைத் தளர்த்தாமலே விரல் நுனிகள் பேடிலைத் தொட வேண்டும். எட்டவில்லை என்றால் இருக்கையையும் ஸ்டியரிங்கையும் சரிசெய்யுங்கள். பேடிலின் நோக்கமே கை ஸ்டியரிங்கை விட்டு விலகாமல் இருப்பதுதான். 1989-ல் ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 இதை ஃபார்முலா 1 பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. ஓட்டுநர் நைஜல் மான்செல் அந்தக் காரின் முதல் பந்தயத்திலேயே, பிரேசிலில், ஜெயித்தார்.

படி 2: உங்கள் பேடில் எந்த வகை?

எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை அரைச் சுற்று திருப்புங்கள். பேடிலும் கூடவே சுற்றுகிறதா?

சுற்றினால், அது ஸ்டியரிங்கிலேயே பொருத்தப்பட்டது. போர்ஷே 911, பிஎம்டபிள்யூ எம் கார்களில் இப்படித்தான். இப்போது வலது பேடில் இடப்பக்கம் வந்திருக்கும். வளைவுக்கு நடுவே கியர் மாற்ற நினைத்தால் மூளை குழம்பும். ஆனால் பிடியை மாற்றாமல் ஓட்டும் பந்தயத் தடத்தில் இதுதான் வசதி, பேடில் எப்போதும் விரலோடே வரும்.

சுற்றாமல் நின்றால், அது ஸ்டியரிங் தண்டில் பொருத்தப்பட்டது. ஃபெராரி, லம்போர்கினி, ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ இந்த வகை. ஸ்டியரிங் எங்கே திரும்பினாலும் வலது வலதாகவே இருக்கும். புதிதாகப் பழகுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், பேடில் நீளமாக இருந்தால் மட்டும். குட்டையாக இருந்தால் திருப்பத்தில் விரலுக்கு எட்டாது. நிசான் ஜிடி-ஆர் முதலில் இந்த வகையில் இருந்து, 2017 மாடலில் மற்ற வகைக்கு மாறியது. ஆக, தயாரிப்பாளர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை.

பழைய கார் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2008 வாக்கில் வந்த, பிடிகே (போர்ஷேவின் இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்) உள்ள போர்ஷே கார்களில் பேடிலுக்குப் பதில் பொத்தான் இருந்தது. கட்டைவிரலால் முன்னே தள்ளினால் ஏறும், பின்னாலிருந்து இழுத்தால் இறங்கும், இரு பக்கமும் ஒரே வேலை. பரபரப்பில் மாற்றி அழுத்திவிடுவது சுலபம். பிறகு போர்ஷேவும் பேடில் வைத்த ஸ்டியரிங்கைக் கொடுத்தது.

படி 3: நேர் சாலையில் கியர் ஏற்றுதல்

கியரை நீங்களே மாற்றும் மேனுவல் மோடுக்கு மாறுங்கள். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ரெவ் மீட்டரின் சிவப்புப் பகுதிக்குச் சற்று முன் வலதை ஒரு தரம் சுண்டி விடுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டாம், மீதியைக் கியர்பாக்ஸ் பார்த்துக்கொள்ளும்.

படி 4: கியர் இறக்குதல்

முதலில் பிரேக், பிறகுதான் பேடில். வேகம் குறையக் குறைய இடதை ஒவ்வொன்றாக இழுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழலும் என்பதால் கார் அந்தக் கட்டளையை ஏற்காது. அது பழுதல்ல, பாதுகாப்பு. ஒரு கணம் பொறுத்து மறுபடி இழுங்கள்.

ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே எல்லா இறக்கத்தையும் முடித்துவிடுங்கள். வளைவுக்குள் கியர் இறக்கினால் பின் சக்கரங்களை எஞ்சின் திடீரென்று பிரேக் போலத் தடுத்து, பிடிமானம் போகலாம், குறிப்பாக ஈரச் சாலையில்.

படி 5: நியூட்ரல்

ஃபெராரி போன்ற கார்களில் இரண்டு பேடிலையும் சேர்த்து இழுத்தால் நியூட்ரல். பிரேக்கை மிதித்தபடி வலதை இழுத்தால் முதல் கியர் விழும். நிறுத்துமிடத்தில் இதைப் பலமுறை செய்து பார்த்துவிட்டுச் சாலைக்கு வாருங்கள்.