சிவப்புக் கம்பளத்து கவுனும் வைகாசி ரிசப்ஷனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் கோல்டன் குளோப், பிப்ரவரியில் பிரிட்டனின் பாஃப்டா, மார்ச்சில் ஆஸ்கர். இங்கே வேலூர்ப் பக்கம் அதே நேரத்தில்தான் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு ரிசப்ஷன் உடை தைக்கக் கொடுக்க ஆரம்பிப்பார்கள். ஆஸ்கர் நமக்குத் திங்கட்கிழமை காலையில் முடிகிறது. அன்று சாயங்காலத்துக்குள் காட்பாடியில் இருக்கும் என் தையல் கடை போனில் நடிகைகளின் படங்கள் வரிசையாக வந்து விழும். "அக்கா, அப்படியே இதே மாதிரி வேணும்." இந்த வரி இல்லாமல் எந்தப் படமும் வராது.

ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. ஒரு நல்ல உடையைப் பார்த்தால் எனக்கும் கை பரபரக்கும். ஆனால் அந்த உடை காரிலிருந்து இறங்கி, கேமரா முன்னால் நின்று, திரும்பி, அரங்குக்குள் போவதற்காகத் தைத்தது. பின்னாலேயே உடையைச் சரி செய்ய ஆள் வரும். நம்முடைய மணப்பெண் மூன்று நான்கு மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும், பெரியவர்கள் காலில் விழ வேண்டும், வருகிற சித்தி, அத்தை எல்லோரும் கட்டிப்பிடிப்பார்கள், அப்புறம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதை மறந்துவிட்டுத் தைப்பதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

முதலில் படம் எந்த விழாவில் எடுத்தது என்று பாருங்கள். மெட் காலா விருது விழாவே இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுக்கு நிதி திரட்ட மே மாதம் முதல் திங்கட்கிழமை நடக்கிற விழா அது. ஒவ்வொரு வருடமும் ஒரு கரு கொடுப்பார்கள், அதற்கேற்ற வேஷத்தில் வருவார்கள். அதில் நடக்க முடிகிறதா, உட்கார முடிகிறதா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். 2022-ல் கிம் கர்தாஷியன், மர்லின் மன்றோ 1962-ல் உடுத்திய அதே கவுனைப் போட்டு வந்தார். படிக்கட்டு ஏறி முடித்ததும் அதைக் கழற்றிவிட்டு, அதே மாதிரி தைத்த வேறொன்றை மாட்டிக்கொண்டார். அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு இரவு முழுக்க இப்படி இருக்கலாம் என்று நினைப்பது சரிவராது.

அதனால் நின்ற கோலத்தில் எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதே உடையில் அவர் நடக்கிற வீடியோவைத் தேடிப் பாருங்கள். முதுகுப்பக்கம் எப்படி, இருக்கையில் உட்காரும்போது எங்கே மடிகிறது, படி ஏறும்போது கை எதைப் பிடிக்கிறது என்று கவனியுங்கள். நிறைய கவுன்களில் ஒரு கை முழு நேரமும் துணியைத் தூக்கிப் பிடித்தபடியே இருக்கும். நம் மேடையில் அந்தக் கை மொய்க் கவரும் பூங்கொத்தும் வாங்க வேண்டிய கை.

ஆஃப் ஷோல்டர் கவுனில் இந்தப் பிரச்சினை பளிச்சென்று தெரியும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கச்சிதமாக இருக்கும். மாலை போட இரண்டு கையையும் தூக்கினால் மேல்பாகம் முழுக்க நழுவும். உடனே இன்னும் இறுக்கிப் பிடித்துத் தையுங்கள் என்பார்கள். இறுக்கினால் மூச்சு முட்டும், நழுவுவதும் நிற்காது. இதற்கு வழி இடுப்பில் இருக்கிறது. கவுனுக்கு உள்ளே, லைனிங்கோடு சேர்த்து, இடுப்புச் சுற்றளவுக்கு நீட்சி இல்லாத ஒரு கெட்டியான நாடாவை அங்கங்கே பிடித்துத் தைத்து, பின்னால் கொக்கி போட்டுவிட வேண்டும். முதலில் உள்நாடாவின் கொக்கி, பிறகு மேலே ஜிப். இப்போது கவுனின் எடை முழுக்க இடுப்பில் தொங்கும், தோளுக்கும் மார்புக்கும் சுமை இல்லை. நடிகைகளின் கவுன்களுக்குள்ளும் இப்படி ஏதாவது ஒரு கட்டுமானம் இருக்கும். அது படத்தில் தெரியாது, அவ்வளவுதான். தைக்கக் கொடுக்கும்போதே இதைக் கேளுங்கள், துணி வெட்டிய பிறகு சேர்ப்பது சிரமம்.

ட்ரையலுக்கு வந்தால் கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டுப் போகாதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள், காலில் விழுகிற மாதிரி குனிந்து நிமிருங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், இரண்டு படி ஏறி இறங்குங்கள். கூட வந்த அம்மா பின்னால் நின்று பார்க்கட்டும்.

அடுத்தது வெயில். லாஸ் ஏஞ்சலிஸில் மார்ச் மாதம் இதமாக இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து நாம் தைப்பதோ கத்திரி வெயில் மாதத்துக்கு. வேலூரில் அப்போது 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. ஏசி மண்டபம்தானே என்பார்கள். மேடையில் ஃபோகஸ் லைட், வீடியோ லைட், ஒரே நேரத்தில் நாற்பது பேர் குரூப் போட்டோவுக்கு ஏறுவது, இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். வெளித்துணி சாட்டினோ, சீக்வின்ஸ் வைத்த நெட்டோ, உங்கள் விருப்பம் போல இருக்கட்டும். உடம்பில் படுகிற லைனிங்கில் மட்டும் பாலியஸ்டர் வேண்டாம், மெல்லிய பருத்தி போடச் சொல்லுங்கள். பாவாடை விரிந்து நிற்க உள்ளே வைக்கும் கெட்டி நெட்டான கேன்கேனை இடுப்பிலிருந்தே அடுக்கடுக்காகக் கொடுக்காமல் முழங்காலுக்குக் கீழே மட்டும் கொடுத்தால் விரிவும் கிடைக்கும், காற்றும் போகும். அதற்கு உள்ளே ஒரு பருத்திப் பாவாடை கட்டாயம். இல்லாவிட்டால் நெட் கீறிக் கால் எரியும்.

இப்போது சொல்லப்போகிற தவறு என்னை ரொம்ப வருத்துகிறது. கழுத்து, முதுகுப் பக்கம் துணியே இல்லாமல் வெறும் எம்பிராய்டரி மட்டும் உடம்பில் ஒட்டியிருக்கிற மாதிரி கவுன்கள் வருகின்றன. அங்கே வெறும் உடம்பு இல்லை, அவரவர் தோலின் நிறத்துக்குப் பார்த்துச் சேர்த்த நெட் இருக்கிறது. நம் கடைகளில் 'ஸ்கின் கலர்' என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் ரோஸ் கலந்த வெளிர் நிறம்தான். நம் மாநிறத்துப் பெண்ணுக்கும் கறுத்த பெண்ணுக்கும் அதைப் போட்டால் கழுத்தில் சாம்பல் பூசியது போலத் தெரியும். அப்புறம் நிறத்தைக் குறை சொல்லி, முகத்துக்கு மேக்கப் இரண்டு கோட் அதிகம் போடுவார்கள். குறை நெட்டில் இருக்கிறது, பெண்ணிடம் இல்லை. வெளிர் பழுப்பு முதல் காபி நிறம் வரை நெட் கிடைக்கும். துண்டு துண்டாக வாங்கி, பகல் வெளிச்சத்தில் தோள்பட்டைக்குக் கீழே வைத்துப் பாருங்கள். எது கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுதான் அந்தப் பெண்ணுக்கு ஸ்கின் கலர். கிடைக்காவிட்டால் வெள்ளை நைலான் நெட்டைச் சாயம் போடக் கொடுத்துவிடலாம்.

நிறம் பற்றிப் பேசும்போது கறுப்பின நடிகை லுபிடா நியாங்கோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2014 ஆஸ்கருக்கு அவர் உடுத்தி வந்த வெளிர் நீல பிராடா கவுனை இன்றும் பேசுகிறார்கள். கறுத்த தோலுக்கு வெளிர் நிறம் எடுக்காது என்று இன்னமும் சொல்லும் அத்தைகளுக்கு நான் காட்டுகிற படம் அதுதான்.

மேக்கப்புக்கும் துணிக்கும் ஃபிளாஷ் சோதனை வேண்டும். ஏஞ்சலினா ஜோலிக்கே 2014-ல் ஒரு பட விழாவில் முகத்தில் பவுடர் வெள்ளை வெள்ளையாகத் திட்டாகத் தெரிந்தது. நேரில் தெரியாத பவுடர் ஃபிளாஷ் பட்டதும் தெரிந்துவிடும். லைனிங் மெல்லியதாக இருந்தால் துணியும் அப்படித்தான். அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் ஃபிளாஷில் இரண்டு படம் எடுத்தால் போதும்.

தரையில் இழுபடும் வால் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஆலியா பட் 2024 மெட் காலாவில் கட்டி வந்த, டிசைனர் சப்யசாச்சியின் சேலைக்கு 23 அடி நீள வால். அதை விரித்துப் போட, மடித்து எடுக்க ஆட்கள் கூடவே இருந்தார்கள். ஜெனிஃபர் லாரன்ஸ் 2013-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கப் போகும்போது அந்தப் பெரிய டியோர் கவுனோடு படியில் தடுக்கி விழுந்தார். 2025-ல் கான் திரைப்பட விழாவே பெரிய வால் வைத்த உடைகள் வேண்டாம் என்று விதி போட்டுவிட்டது. கூட்டம் நகர முடியவில்லை, அரங்கில் மற்றவர்கள் உட்கார முடியவில்லை என்பதுதான் காரணம். நம் மண்டப மேடையில் குறுகலான பக்கப்படி, ஆணி அடித்த கம்பளம், கால் பக்கமெல்லாம் லைட் வயர், ஓடி விளையாடும் குழந்தைகள். வால் வேண்டுமென்றால் கொக்கியில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி தனியாகத் தையுங்கள். மண்டபத்துக்குள் நுழையும்போதும் முதல் போட்டோவுக்கும் இருக்கட்டும், பிறகு கழற்றி அக்கா கையில் கொடுத்துவிடலாம்.

செருப்பை முதலில் வாங்குங்கள், கவுனின் கீழ் மடிப்பை அப்புறம் அடிக்கலாம். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்க, நல்ல தோல் செருப்புக்கு எங்கேயும் அலைய வேண்டாம். ஊசிக் குதிகால் மேடைக் கம்பளத்தில் குத்திக்கொள்ளும், அகலக் குதிகால்தான் நிற்கும்.

மாப்பிள்ளைகளுக்கு இரண்டே விஷயம். புது கோட்டின் பின்பக்கப் பிளவில் எக்ஸ் வடிவில் ஒரு நூல் போட்டிருப்பார்கள், கை ஓரத்தில் கம்பெனி துணி லேபிள் இருக்கும். இரண்டையும் பிரித்துவிட வேண்டும், அப்படியே மேடை ஏறாதீர்கள். வேட்டி கட்டினால் பகட்டு குறையும் என்று நினைப்பவர்கள், 2021-ல் டெல்லியில் தேசிய விருது வாங்க வேட்டி சட்டையில் வந்த தனுஷின் படத்தைப் பார்க்கலாம்.

சிவப்புக் கம்பளம் என்றால் கவுன்தான் என்பது இருப்பதிலேயே பெரிய தவறு. 2002-ல் கான் விழாவுக்கு ஐஸ்வர்யா ராய் டிசைனர் நீதா லுல்லாவின் மஞ்சள் சேலையில், கழுத்து நிறையத் தங்கத்தோடு போனார். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆலியாவின் உடையும் சேலைதான். நமக்கோ ஆரணி பஸ்ஸில் போய் இறங்குகிற தூரத்தில் இருக்கிறது. ஆரணிப் பட்டு பொதுவாகக் காஞ்சிப் பட்டைவிட எடை குறைவு, மேடையில் நாலு மணி நேரம் நிற்கிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான துணி எனக்குத் தெரியாது. ஒரே நிறத்தில் சின்னக் கரை வைத்த ஆரணிச் சேலை எடுத்து, சிவப்புக் கம்பளத்தில் பார்த்த கழுத்து வடிவத்தை பிளவுஸில் கொண்டுவாருங்கள். நெக்லஸை விட்டுவிட்டுக் காதுக்கு மட்டும் பெரிதாகப் போடுங்கள். நடிகைகள் செய்வதும் பெரும்பாலும் அதுதான்: கண் போய் நிற்க ஓர் இடம் வைத்துவிட்டு மற்றதை அடக்கிவிடுவார்கள்.

பாட்டியின் பட்டுச் சேலையை வெட்டி கவுன் தைக்கச் சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. சேலையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வருடக்கணக்காக மடித்த மடிப்புக் கோடுகளைப் பார்க்க வேண்டும். அங்கே நூல் பிரிந்து ஊசித் துளையாக வெளிச்சம் தெரிந்தால், இறுக்கமான மேல்பாகத்துக்கு அந்தத் துணி தாங்காது, முதல் முறை குனியும்போதே கிழியும். அதைத் துப்பட்டாவாகவோ, தளர்வான கைப்பகுதியாகவோ வைத்துக்கொள்ளலாம். துணி உறுதியாக இருந்தாலும் வெட்டாமல் கொசுவத்தை மட்டும் ஒரு இடுப்புப் பட்டையில் தைத்துக் கொடுத்தால் மாட்டிக்கொள்ளவும் சுலபம், பிரித்தால் மறுபடி முழுச் சேலை.

ஒரு முறை போட்டதை மறுபடி போடக் கூடாது என்கிற எண்ணத்தையும் விட்டுவிடலாம். அங்கே பல உடைகளும் நகைகளும் இரவல். விழா முடிந்ததும் திரும்பப் போய்விடும். சொந்தமாக வைத்திருப்பவர்கள் மறுபடி போடவும் செய்கிறார்கள். 1962-ல் ஆஸ்கர் வாங்கும்போது போட்ட அதே கவுனை, மேல்பாகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, 2018 ஆஸ்கருக்குப் போட்டு வந்தார் நடிகை ரீட்டா மொரினோ. ஐம்பத்தாறு வருடம் கழித்து!

கடைசியாக நாள் கணக்கு. ஆரி வேலை கையால் செய்வது, கூட்ட நேரத்தில் வாரக்கணக்கில் இழுக்கும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் படத்தைக் காட்டினால் எந்தத் தையல்காரரும் ஒட்டு வேலைதான் செய்து தர முடியும். பங்குனிக்குள் துணியும் படமும் கொடுத்துவிடுங்கள். கல்யாண அலைச்சலில் உடம்பு இளைக்கும், விருந்துச் சாப்பாட்டில் பெருக்கவும் செய்யும். அதனால் இரண்டு பக்கத் தையலிலும் ஒரு இஞ்சாவது உள்ளே விட்டு வைக்கச் சொல்லி, கடைசி ட்ரையலை அந்த வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது அன்று போடப்போகிற செருப்பையும் உள்ளாடையையும் கையோடு எடுத்து வாருங்கள்.